ரோஸ் போய்டணும் சார்

போன வாரம் எங்கள் கல்லூரி ஸ்மார்ட் வகுப்பறையில் ஒரு கம்பெனிக்காரர் வந்து, கம்ப்யூட்டரிலேயே கெமிஸ்ட்ரி பிராக்டிகல் செய்கிற விஷயத்தைச் செய்து காட்டினார். சுவர் முழுக்கத் திரை. அதில் பியூரெட் என்கிற நீளக் கண்ணாடிக் குழாய், கீழே ஒரு ஃபிளாஸ்க். அவர் மௌஸைத் தட்டத் தட்டச் சொட்டுச் சொட்டாக விழுந்தது. கடைசிச் சொட்டில் ஃபிளாஸ்க் முழுக்க ரோஸ் நிறம் பூத்தது பாருங்கள், நானும் வாய் பிளந்துதான் பார்த்தேன். கண்ணாடி உடையாது, ஆசிட் தெறிக்காது, யாருக்கும் சட்டை ஓட்டை ஆகாது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்கு மூக்கில் சுண்ணாம்பு வாடை அடித்தது.

வாடை என்றால் சும்மா வாடை இல்லை. ஆம்பூர்ப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். தோல் பதனிடுகிற தோல் ஷாப்புப் பக்கமிருந்து காற்று அடித்தால் பஸ்ஸில் இருக்கிற வெளியூர்க்காரர்கள் மட்டும் கைக்குட்டையைத் தேடுவார்கள். வாலாஜாபேட்டையிலிருந்து இங்கே வேலைக்கு வந்த புதிதில் நானும் தேடினவன்தான். ஆறு மாசத்தில் மூக்கு பழகிவிட்டது. புத்தி பழக இன்னும் பல வருஷம் ஆனது. அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

அப்போது எனக்கு வாத்தியார் வேலையில் ஏழாவது வருஷமோ எட்டாவது வருஷமோ. எனக்குத் தெரியாத கெமிஸ்ட்ரி உலகத்திலேயே கிடையாது என்கிற வயசு. பிராக்டிகல் பரீட்சையில் வாய்மொழிக் கேள்வி கேட்பதென்றால் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. அன்றைக்கு என் முன்னால் வந்து நின்றவள் ரேவதி. கடைசி பெஞ்ச், அதிகம் பேசாத பெண். பக்கத்தில் பரீட்சை நடத்த வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் உட்கார்ந்திருந்தார்.

கேள்வி சுலபமானது. ஃபினால்ஃப்தலீன் என்று ஒரு சொட்டு மருந்து உண்டு. காரம் இருக்கிற இடத்தில் அதை விட்டால் ரோஸ் ஆகும், அமிலம் இருந்தால் நிறமே வராது. டைட்ரேஷன் என்கிற இந்தப் பிராக்டிகலில் வழக்கமாக ஃபிளாஸ்க்கில் அமிலத்தை வைத்துக்கொண்டு, மேலே பியூரெட்டிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். ரோஸ் எட்டிப்பார்த்த நொடியில் நிறுத்தவேண்டும். அதுதான் முடிவுப் புள்ளி. 'நிறமற்றதிலிருந்து ரோஸ்' என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பையன்கள் சொல்வார்கள்.

"முடிவுல நிறம் என்னம்மா ஆகும்?" என்றேன்.

"ரோஸ் போய்டணும் சார்."

"போய்டணுமா? வரணுமா?"

"போய்டணும் சார். உள்ள கொஞ்சங்கூட இருக்கக்கூடாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. எக்ஸ்டர்னல் எதிரில் கொஞ்சம் தமாஷ் காட்டுகிற ஆசையும் வந்தது. "எங்கம்மா படிச்ச இத? தோல் ஷாப்புலயா?" என்றேன். எக்ஸ்டர்னல் சிரித்தார். பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகளும் சிரித்தார்கள்.

ரேவதி சிரிக்கவில்லை. "ஆமா சார்" என்றாள்.

திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பரீட்சையில் அவளை ஃபெயிலாக்கினேன். என் கையால், சிவப்பு மையால். மற்ற எல்லாப் பேப்பரும் பாஸ் பண்ணியிருந்தாள். இந்த ஒரு பிராக்டிகலால் டிகிரி நின்றுபோனது.

கொஞ்ச நாளில் கொரோனா வந்தது. கல்லூரிகளை மூடினார்கள். ஷூ கம்பெனிகளைச் சீக்கிரமே திறந்துவிட்டார்கள், கல்லூரி திறக்க இன்னும் மாசக்கணக்கில் ஆனது. அரியர் வைத்திருந்த பிள்ளைகளில் பாதிப்பேர் கம்பெனி பஸ் ஏறிவிட்டார்கள். ரேவதியும் தையல் பிரிவில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். சரி, பிழைப்பைப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது எழுதும்போது கூசுகிறது, அப்போது கூசவில்லை.

ஷமீம் மேடத்தைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். என் டிபார்ட்மென்டில் எனக்கு ஜூனியர். ஆம்பூர்க்காரங்க. வீட்டில் உருது, வெளியில் எங்களைவிட நல்ல தமிழ். நாங்களெல்லாம் ஆன்லைன் கிளாஸ் என்று சொல்லி நாற்பது கறுப்புக் கட்டங்களைப் பார்த்து "எல்லாருக்கும் கேக்குதா?" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்கள். இந்தப் பிள்ளைகள் எப்போது சும்மா இருக்கிறார்கள்?

வீட்டில் ஒரு போன், அதற்கு நாலு பேர். கம்பெனிக்குள்ளே போன் கொண்டுபோக முடியாது, கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். சும்மா இருக்கிற நேரம் காலையில் கம்பெனி பஸ்ஸில் போகிற நேரம்தான். உடனே ஷமீம் மேடம் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார்கள். பாடத்தை வாயால் பேசிப் பதிவுசெய்து, பஸ் பயணத்துக்குள் முடிகிற அளவுக்கு வெட்டி அனுப்பினார்கள். அந்த பஸ் டிரைவர் அண்ணன் பெரிய பாட்டுப் பிரியர், பஸ் முழுக்க ஸ்பீக்கர் வைத்திருந்தார். பிள்ளைகள் கெஞ்சிக் கேட்க, முதலில் பாடம், அப்புறம் பாட்டு என்று ஒப்பந்தமானது. தைக்கிறவர்கள், ஒட்டுகிறவர்கள், பேக்கிங் அக்காக்கள் என்று மொத்த பஸ்ஸும் கெமிஸ்ட்ரி கேட்டுக்கொண்டு வேலைக்குப் போனது. ஒருநாள் டிரைவரே மேடத்துக்கு போன் போட்டு, "இன்னா மேடம், நேத்து பென்சீன் பாதியில நின்னுபோச்சு" என்று கேட்டாராம்.

என்னையும் விடவில்லை. "சார், டைட்ரேஷன் உங்க ஏரியா, நீங்க பேசுங்க" என்றார்கள். நானும் போனைப் பிடித்துக்கொண்டு ஐம்பது நிமிஷம் முழங்கி அனுப்பினேன். உடனே மேடத்திடமிருந்து பதில் வந்தது.

"சார், இத்தன ஜாஸ்தி பேசுனீங்கன்னா பஸ் கம்பெனி போய் ஷிஃப்ட் முடிஞ்சி திரும்பி வந்துடும். கம்மி பண்ணுங்க."

கம்மி பண்ணினேன். எட்டு நிமிஷத்தில் ஒரு பாடத்தைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஐம்பது நிமிஷத்தில் நாற்பது நிமிஷம் நான் என்னதான் பேசிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. அதிலும் ஒரு பதிவில் குக்கர் விசிலும், "கொத்தமல்லி வாங்கினு வரச் சொன்னேனே, இன்னா ஆச்சு?" என்ற என் வீட்டம்மாவின் குரலும் சேர்ந்தே போய்விட்டது. கவனிக்காமல் அனுப்பித் தொலைத்தேன். மறுநாள் குரூப்பில் சந்தேகம் கேளுங்கள் என்றால் எட்டுப் பேர் ஒரே சந்தேகம் கேட்டார்கள்: "சார், கொத்தமல்லி வாங்குனீங்களா?"

மேடம் செய்த இரண்டாவது காரியம்தான் என்னைக் கவிழ்த்தது. "நம்ம பாடத்துல இருக்கிற ஏதாவது ஒண்ண, உங்க ஊர்ல, உங்க வீட்ல, வேல செய்யற எடத்துல எங்கியாவது பாத்து, சின்னதா வீடியோ எடுத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். விளையாட்டுத்தனம் என்று நினைத்தேன். ஒரு பெண் தன் அம்மா தோசை மாவு புளிக்கவைப்பதை எடுத்துப் போட்டாள். நெமிலிப் பக்கத்துப் பையன் வயலில் உரம் கரைப்பதைப் போட்டான். பள்ளிகொண்டாக்காரன் ஒருத்தன் ரேடியேட்டர் துருவைப் போட்டு, அதற்குச் சமன்பாடும் எழுதியிருந்தான். பரவாயில்லையே என்று பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் டீ குடித்துக்கொண்டு குரூப்பைத் திறந்தால் ரேவதியின் வீடியோ. ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஞாயிற்றுக்கிழமை தன் அப்பா வேலை செய்கிற தோல் ஷாப்பில் எடுத்திருக்கிறாள். அவர் டிரம் ஆள். டிரம் என்றால் தோலைப் போட்டு உருட்டுகிற ஆள் உயரப் பீப்பாய். முடி போவதற்காகச் சுண்ணாம்பில் ஊறவைத்த தோலை அதில் போட்டு, சுண்ணாம்பு முழுக்க வெளியேறுகிற வரைக்கும் உருட்டவேண்டும். உள்ளே மிச்சம் இருந்தால் அப்புறம் தோல் கெட்டுவிடும்.

வீடியோவில் அவள் அப்பா ஈரத்தோலின் கழுத்துப் பக்கம், தடிமனான இடத்தில் கத்தியால் ஒரு வெட்டு வெட்டுகிறார். சின்ன பாட்டிலிலிருந்து அந்த வெட்டில் ஒரு சொட்டு விடுகிறார். நடுவில் ரோஸாக ஒரு கோடு. "இன்னும் கீது பாரு, சுண்ணாம்பு போவல. ஓட்டு" என்கிறார். அப்புறம் 'அரைமணி நேரம் கழித்து' என்று எழுத்து வருகிறது. மறுபடி வெட்டு, மறுபடி சொட்டு. வெள்ளைவெளேரென்று இருக்கிறது. வீடியோவுக்குப் பின்னாலிருந்து ரேவதியின் குரல்: "ரோஸ் போய்டுச்சு சார். இதான் முடிவு."

டீ ஆறிப்போனது. அந்தப் பாட்டிலில் இருந்தது அதே ஃபினால்ஃப்தலீன். எங்கள் லேபிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், எழுதப் படிக்கச் சிரமப்படுகிற ஒரு மனுஷன் தினம் அதைச் சொட்டிக்கொண்டிருந்திருக்கிறார். எட்டு வருஷம் அதே ஊரில் அதையே கற்றுக்கொடுத்த எனக்கு அது தெரியாது. சுண்ணாம்பு என்பது காரம், அது உள்ளே இருந்து வெளியே போனால் ரோஸ் போகத்தானே செய்யும்? அந்தப் பெண் சொன்னது சரி. நான் கேட்ட கேள்விதான் பாதிக் கேள்வி. தோல் ஷாப்பிலா படிச்சே என்று கேட்டேன். ஆமா சார் என்று உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். அடப்பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஷமீம் மேடத்துக்கு போன் செய்தேன். "மேடம், நான் பெரிய தப்பு பண்ணிட்டேன்."

"தெரியும் சார். ரேவதி என்கிட்ட அழுதா. அதனாலதான் அந்த வீடியோவ எடுத்து குரூப்ல போடுன்னு சொன்னேன்."

"நேரா என்கிட்டயே சொல்லிருக்கலாமே?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா சார்?"

கேட்டிருக்கமாட்டேன். அந்தம்மாவின் கெட்டிக்காரத்தனத்தை இன்றைக்கு வரைக்கும் நினைத்து நினைத்து வியக்கிறேன். என் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லாமல் எனக்கே பாடம் எடுத்துவிட்டார்கள்.

அப்போது மேடம் இன்னொன்றும் சொன்னார்கள். அந்தத் தோல் ஷாப்பு லேபில் ஒரு வேலை இருக்கிறது, டிகிரி இருந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். "டிரம்மாண்ட நான் நின்னது போதும், நீ லேப்ல ஒக்காரணும்" என்பது அவள் அப்பாவின் ஆசை. இந்தத் தபாவும் பிராக்டிகல் போச்சென்றால் தையல் மிஷினே கதி, அதோடு அவள் அம்மா மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தாயிற்று.

எல்லார் எதிரிலும் கேலி செய்தவன் தனியாக மன்னிப்புக் கேட்டால் நியாயமா? குரூப்பிலேயே பேசி அனுப்பினேன். ரேவதி சொன்னது சரி, நான் செய்தது தப்பு, அவள் அப்பாவிடம் நான் பாடம் கேட்கவேண்டும் என்று. மறுநாள் காலை கம்பெனி பஸ் ஸ்பீக்கரில் அது ஓடியிருக்கிறது. டிரைவர் அண்ணன் அன்றைக்குப் பாட்டே போடவில்லையாம்.

ரேவதியிடமிருந்து ஒரே வரிதான் பதில் வந்தது. "பரவால்ல சார். எக்ஸாம்ல இன்னா சொல்லணும்?"

நான் ஒரு கோழை. "வர்ற எக்ஸ்டர்னல் எப்படியோ, தெரியாது. புக்குல இருக்கிறதையே சொல்லிடும்மா" என்று எழுதினேன்.

கல்லூரி திறந்து அரியர் பிராக்டிகல் வந்தது. வேறு எக்ஸ்டர்னல், சிடுமூஞ்சி. முகக்கவசத்துக்கு மேலே அவர் கண் மட்டும் தெரிந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. வரிசையாக எல்லாரிடமும் அதே கேள்வி. ரேவதியின் முறை வந்தது.

"ஃபினால்ஃப்தலீன். முடிவுல நிறம் என்ன ஆகும்?"

அவள் என்னைப் பார்த்தாள். சொல்லித் தொலையேன் தாயே, 'ரோஸ் வரும்' என்று சொல்லேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஃபிளாஸ்க்ல இன்னா கீதுன்னு சொல்லுங்க சார். அப்பறம் நிறம் சொல்றேன்."

எக்ஸ்டர்னல் பேனாவைக் கீழே வைத்தார். "இருபது வருஷமா கேக்குறேம்மா, இத யாரும் என்னத் திருப்பிக் கேட்டதில்ல" என்றார். அப்புறம் பதினைந்து நிமிஷம் அவளை விடவில்லை. தோல், சுண்ணாம்பு, டிரம் என்று அவர் கேட்கக் கேட்க அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவள் பாஸான மார்க் ஷீட்டில் நான் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

ரேவதி இப்போது லேபில் இருக்கிறாள். அவள் அப்பா இருந்த அந்தச் சின்னத் தோல் ஷாப்பு மூடிவிட்டது, இவள் ராணிப்பேட்டைப் பக்கம் வேறொரு தோல் கம்பெனி லேபுக்குப் போய்விட்டாள். ஷமீம் மேடம் குடும்பத்தோடு பெங்களூர் போய்விட்டார்கள். அந்த பஸ் இன்னும் ஓடுகிறது, ஆனால் ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு இயர்போன். ஸ்பீக்கரை எடுத்துவிட்டார்களாம்.

போன வாரம் ஸ்மார்ட் வகுப்பறைக்கு வந்த அந்தக் கம்பெனிக்காரரிடம் நான் ஒன்று கேட்டேன். "ஃபிளாஸ்க்ல காரத்த வெச்சி, மேலேந்து ஆசிட் விட முடியுமா சார்?" அவர் அங்கே இங்கே தட்டிப் பார்த்துவிட்டு, "அந்த ஆப்ஷன் இல்ல சார்" என்றார். நல்ல மனுஷன், கேட்டு வைக்கிறேன் என்று குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பழைய குரூப்பைத் தேடி எடுத்தேன். ரேவதியின் வீடியோ இருந்தது, தொட்டால் ஓடவில்லை. அனுப்பியவரிடமே மறுபடி கேளுங்கள் என்றது போன். கேட்டேன். "அந்த போன் எப்பவோ உடஞ்சிபோச்சு சார்" என்றாள். மேடத்திடமும் இல்லை. மிச்சம் இருப்பது பெருவிரல் அளவுக்கு ஒரு மங்கல் படம், முதல் வெட்டில் நின்றுபோன படம். ஈரத்தோல் ஒன்று, அதன் நடுவில் ஒரு ரோஸ் கோடு. அரைமணி நேரம் கழித்து அது போய்விடும் என்று எனக்குத் தெரியும். போய்டுச்சு சார் என்று சொல்கிற அந்தக் குரல்தான் இல்லை.