ஃப்ளோரா வீட்டுக்காரரின் பழைய இதயம்

ராயபுரத்து ஃப்ளோராவிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. துறைமுக வாசலில் முப்பது வருடம் லாரிகளின் பாஸைப் பார்த்து உள்ளே விட்ட அவள் கணவர் இக்னேஷியஸே வீட்டில் அடக்கித்தான் வாசிப்பார். அப்படிப்பட்டவள், அவருடைய பழைய இதயத்துக்காக ஆஸ்பத்திரியை ரெண்டுபடுத்திவிட்டாள்.

இக்னேஷியஸின் இதயத் தசை வீங்கித் தளர்ந்துவிட்டது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். மாற்று இதயம்தான் ஒரே வழி என்று பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து டாக்டர் எழில்மொழி ஒரு படிவத்தோடு வந்தாள். எடுக்கப்போகும் பழைய இதயத்தை ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்று கேட்டாள்.

"அதெல்லாம் முடியாது டாக்டரம்மா. எங்க மாமனார் கல்லறையில பொதைக்கப் போறேன். இருவத்தெட்டு வருசம் எங்கூட வாழ்ந்த ஹார்ட்டு அது. கல்லறைத் திருநாளுக்கு நான் பூ வெக்கணும்."

"நான் உசுரோட கீறப்பவே பூ வெக்கப் போறியா?" என்றார் இக்னேஷியஸ்.

"நீ சும்மா கெட."

எழில்மொழி சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். "இதயத் தசை செல்லோட மேல்பக்கம் ஏற்பின்னு சில புரதங்கள் இருக்கும்மா. வைரஸ் அதைப் புடிச்சிதான் உள்ள நுழையும். நோய் வந்த தசையில அது கூடுதலா இருக்கான்னு பாக்குறோம்."

"நம்ம ஹார்பர் கேட்டு மாதிரி! சீக்கு வந்தா கேட்டு ஜாஸ்தியாயிடுதா?" இக்னேஷியஸுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"ஊர் லாரியெல்லாம் மடக்கினே. உன் கேட்டுல இன்னா தூங்கிகினு இருந்தியா?"

"அவருக்கு வைரஸாலதான் வந்துச்சான்னு தெரியாதும்மா," என்ற எழில்மொழி, ஃப்ளோராவை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய் மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணாடித் தகட்டைக் காட்டினாள். கறுப்புக்குள் பச்சைப் புள்ளிகள் நெருக்கமாக மின்னின. அவைதான் ஏற்பிகள் என்றாள்.

"இது யாரு ஹார்ட்டு?"

"எச்-11. பேரு சொல்லக் கூடாது. இவங்க வீட்டுல சம்மதிச்சுக் குடுத்தாங்க."

ஃப்ளோரா மறுபடி குனிந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். அந்தப் பச்சைப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"முன்ன பின்ன தெரியாத எவளோ ஒருத்தி அழுதுகினே தன் வூட்டுக்காரரோட நல்ல ஹார்ட்டையே குடுக்கணும்னு, நாலு மாசமா மாதாகிட்ட கெஞ்சிகினு கீறேன். நான் இன்னாடான்னா, கெட்டுப்போன ஹார்ட்டுக்கு ஒக்காந்து மல்லுக்கட்டுறேன். கொண்டா அந்தப் பேப்பர, அவரைக் கையெழுத்துப் போடச் சொல்றேன். ஆனா டப்பா மேல அவரு பேரை எழுதணும்."

"எழுதக் கூடாதும்மா. எச்-17ன்னுதான் போடுவோம்."

ஃப்ளோரா அந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் மாற்று இதயம் கிடைத்தது; பழையது ஆய்வகத்துக்குப் போனது. புது இதயத்தைக் கொடுத்தவர் பெயரையும் ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, இக்னேஷியஸ் தன் காலாலேயே மாதா கோயில் படியேறி வந்து உட்கார்ந்தார். சாமியார், அன்றைய பூசை யார் யாருக்காக என்ற கருத்துகளை வாசித்தார். "பெயர் தெரியாத ஒரு கொடையாளரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவும்..." என்றவர், சீட்டைக் கண்ணருகே கொண்டுபோனார். "எச் பதினேழுக்காகவும்."

இக்னேஷியஸ் பக்கத்திலிருந்த ஃப்ளோராவை இடித்தார். "எனக்கா பூசை குடுத்தே?"

"உனக்கு எதுக்கு? உள்ள வந்தவங்களுக்கும் வெளிய போனதுக்கும் குடுத்தேன்," என்றாள் ஃப்ளோரா. அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடியை ஒருமுறை பார்த்துவிட்டு, பாட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.