தீவு பார்க்க வந்தவர்களும் பதறிய டாக்சிக்காரனும்

ஓட்டல் பயணிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டுபவன் ரோட்டைப் பார்ப்பதைவிட, பின் ஸீட்டுக்காரர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்றுதான் அதிகம் பார்க்கவேண்டும். மொரிஷியஸின் வடக்குக் கடற்கரையில் நான் டாக்சி ஓட்டினேன். நீங்களும் இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்கள் என்றால் என் பாடு புரியும்.

இலைமேல் குழந்தை

பாம்ப்ளமூஸ் தோட்டத்துக் குளத்தில் தாம்பாளம் மாதிரி அல்லி இலைகள் மிதக்கும். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒருவருக்குத் தம் சின்ன மகளை இலைமேல் உட்காரவைத்துப் படம் எடுக்க ஆசை. "தாங்காது ஐயா" என்றேன். அப்படி ஒரு படத்தைத் தபால் அட்டையில் பார்த்தாராம். நான் தடுப்பதற்குள் உட்காரவைத்துவிட்டு, கேமராவோடு பின்னால் நகர்ந்தார்.

இலை ஒரு பக்கம் சாய்ந்தது. குழந்தை சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் போய்விட்டது. செருப்போடு குதித்தேன். இலைக்கு அடியில் முழுக்க முள். கை கிழிய, கவுனைப் பிடித்து மேலே தூக்கினேன். தண்ணீரைக் கக்கிவிட்டு அவள் அழுத பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. தாய் ஓடிவந்து வாங்கிக்கொண்டாள். தகப்பன் நின்ற இடத்திலிருந்தே சொன்னார்: "கொஞ்சம் தள்ளிக் குதித்திருக்கக்கூடாதா? படம் முழுக்க நீங்கள்தான்!"

பாறை ஊதும் இடம்

தெற்கே ஒரு பாறைப் பொந்து வழியாகக் கடல் பீய்ச்சி அடிக்கும். ரெயூனியன் தீவிலிருந்து வந்த வயதான மேடம், கூப்பிடக் கூப்பிடக் கேட்காமல் பொந்தருகே போய் எட்டிப் பார்த்தார். பாறைக்கு அடியில் உறுமல் கேட்டது. ஓடிப்போய் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்துப் பாறையோடு படுத்தேன். எங்கள் மேல் கடலே கொட்டியது. கண் திறந்தபோது தொப்பி இல்லை, கைப்பை இல்லை. மேடம் மட்டும் இருந்தார். உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு ஆவலாகக் கேட்டார்: "அடுத்தது எப்போது வரும்?"

ரோஷ் புவா

சுதந்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நகரத்தில் ஆப்பிரிக்க வம்சத்துக் கிரயோல்காரர்களுக்கும் இந்திய வம்சத்து முஸ்லிம்களுக்கும் கலவரம். கப்பலைப் பிடிக்கவேண்டிய ஆங்கிலேயத் தம்பதியோடு துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். வழியில் தேர் ரூஜ் என்ற ஊரில் என் டாக்சி ஸ்டாண்டு நண்பன் ரேமோன் கை காட்டி நிறுத்தினான். கிரயோல்காரன், வீடு துறைமுகத்துக்கு முன்னால் வரும் ரோஷ் புவாவில். "அங்கே ரோட்டை மறிச்சிட்டாங்க. தனியாப் போகாதே" என்று சொல்லி, தன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு என் பக்கத்தில் ஏறிக்கொண்டான்.

ரோஷ் புவாவில் ரோடு முழுக்கக் கல். ஒரு கடை எரிந்துகொண்டிருந்தது. தடியோடு ஒருவன் என் ஜன்னலுக்குள் தலையை நீட்டினான். "உன் பேர் என்ன?" நான் ரேமோனைப் பார்த்தேன். முத்து என்ற இந்தியப் பேரைச் சொன்னால் என்ன ஆகுமோ!

"என் தம்பி. கேக்கிறதை என்கிட்ட கேளு" என்றான் ரேமோன்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒரே அம்மாவா?"

"இல்லே. ஒரே டாக்சி ஸ்டாண்டு."

யாரோ சிரித்தார்கள். தடிக்காரன் சிரிக்கவில்லை. ரேமோனையே பார்த்துக்கொண்டு நின்றவன், கடைசியில் காலால் கல்லைத் தள்ளி வழிவிட்டான். துறைமுகத்தில் தம்பதி இறங்கிப் போன பிறகு நான் ரேமோனின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அதெல்லாம் இருக்கட்டும், என் வண்டி தேர் ரூஜில நிக்குது; திரும்பவும் அதே வழியாத்தான் போகணும்" என்றான்.

அந்த வருஷமே தீவுக்குச் சுதந்திரம் வந்தது. கொடியேற்றம் பார்க்க வண்டி நிறையப் பயணிகளைக் கூட்டிப்போன நான், வண்டியை நிறுத்த இடம் தேடித் தேடியே அதைப் பார்க்காமல் விட்டேன்.