தெறித்த பயறு

காட்டூரில் அத்தைக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. கடலோடு கலந்த ஏரித் தண்ணீர் ஏறி அது உப்பாகிப் போனது. போட்ட பச்சைப்பயறெல்லாம் கருகியது. பக்கத்து மணல்மேட்டில் யாரும் போடாத நரிப்பயறு மட்டும் கொழுத்துக் கிடந்தது. இப்படியே போனால் கடல் தாண்டிப் பத்தாவியாத் தீவுக்குக் கூலியாகக் கப்பலேறுவேன் என்றார் மாமா. ஏறியவர்கள் யாரும் திரும்பியதில்லை.

கோட்டைத் தோட்டத்து ஒல்லாந்துத் துரை ஒருவர் உப்பைத் தாங்கும் பயறு வர வழி சொன்னார். பச்சைப்பயற்று மொட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் தூளை எடுத்துவிட்டு, நரிப்பயற்றுப் பூவின் தூளைத் தடவ வேண்டுமாம். பிறகு வண்டு அண்டாமல் துணியால் மூட வேண்டுமாம்.

அத்தை பூநாரை இறகால் தடவினாள். துணி எதற்கு வீணாக என்றார் எங்கள் நைனா. எங்கள் குப்பத்தில் தொட்டில் கட்டுவதும் கோழியை மூடுவதும் வலையால்தான். படகிலிருந்து இறக்கிய இறால் வலையை அலசாமல் கொண்டுவந்து போர்த்தினார்.

வண்டு வந்ததோ என்னவோ, ஊர்ப்பூனையெல்லாம் வந்தது. பின்னாலேயே காக்கை. செடியும் கிழிந்தது, வலையும் கிழிந்தது. நைனாவுக்கு வலை போன துக்கம்.

ஒரு பூனை படுத்துக்கொண்ட மூலையில் மட்டும் ஒரு செடி தப்பிக் காய்த்தது. அந்த விதையை அடுத்த பருவத்தில் அத்தை போட்டாள். உப்பு மண்ணில் நாலைந்து செடி நன்றாக வந்தது. ஆனால் குணம் நரிப்பயற்றுக் குணம். முதலில் முற்றிய காயெல்லாம் வெயில் ஏறியதும் வெடித்து, மணி மணலுக்குள் போய்விட்டது.

"அப்பன் புத்தி வராம எங்க போவும்?" என்றார் நைனா.

"அதான் உன் புள்ளைங்களப் பாத்தாலே தெரியுதேண்ணா," என்றாள் அத்தை.

கைப்பிடிப் பயற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மாமா கப்பல்காரனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். கப்பல் கிளம்பும் நாளில், மூட்டையோடு நின்றவரை அத்தை நிலத்துக்கு இழுத்துப் போனாள்.

"தெறிச்சதெல்லாம் வெதை. ஒண்ணு வுடாம பொறுக்கிக் குடுத்துட்டு அப்பறம் போய்யா."

மாமா சல்லடையோடு உட்கார்ந்தார். உச்சிவெயில். கப்பல் கிளம்புகிறதென்று கோட்டையில் வேட்டுப் போட்டார்கள். தலையைத் தூக்கினார். அந்தப் பக்கம் இன்னும் கிடக்கிறது என்றாள் அத்தை. மறுபடி குனிந்தார்.

எனக்குப் பாவமாக இருந்தது. மீதிக் காய்களை வெடிக்குமுன்னே, விடியலிலேயே, பனியோடு பறித்து அத்தை கலயத்தில் மூடி வைத்ததை நான் பார்த்திருந்தேன். விதைக்கு அதுவே போதுமே. மறந்துவிட்டாள் போல என்று நினைத்து, "மாமா, கலயத்துல..." என்று ஆரம்பித்தேன்.

அத்தை என் தொடையைத் திருகிக் கிள்ளினாள். நல்லது சொல்ல வந்தவனை ஏன் கிள்ளினாள் என்று அன்றைக்கெல்லாம் யோசித்தேன்.