ஆயுத பூஜை அன்று கழற்றிய பிரேக்

ஆயுத பூஜை அன்று ஒர்க்‌ஷாப்பில் யாரும் ஸ்பேனரைத் தொடக்கூடாது. கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலையோடு சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டால் மறுநாள்தான் எடுக்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் வேங்கிக்கால் பக்கம் ஒரு வேன் ஒர்க்‌ஷாப்பில் நான் சூப்பர்வைசர். டிப்ளமோ படித்தவன், வேலை நேரத்தில் நாவல் படிப்பவன் என்று இரண்டு கெட்ட பெயர்கள் எனக்கு இருந்தன.

பூஜை முடிந்த மதியம் ஒரு வேன் வாசலில் கோணலாக வந்து நின்றது. முகப்பில் மாலை, கண்ணாடியில் சந்தனப் பொட்டு. உள்ளே கீழ்பென்னாத்தூர்க் குடும்பம் ஒன்று, குழந்தைக்கு மொட்டை போடத் திருப்பதிக்குக் கிளம்பியவர்கள். வண்டி ஓனர் கோதண்டம் புது வெள்ளைச் சட்டையில் முன் சீட்டில் இருந்தார். டிரைவர் ஏழுமலை இறங்கி வந்து, ஓனர் காதில் விழாமல் சொன்னான்.

"பிரேக் அடிச்சா வண்டி ரைட்ல இழுக்குது சார். சம ரோடுன்னா சமாளிச்சிடுவேன். மலை எறங்கணுமே."

"நேத்து இழுத்துச்சா?"

"இல்ல சார். நேத்து சாயந்திரம் வாட்டர் வாஷ் பண்ணி ஆயில் ஸ்ப்ரே அடிச்சாங்க. அதுக்கப்புறம்தான்."

எனக்கு அங்கேயே கோபம் தலைக்கு ஏறியது. பழைய இன்ஜின் ஆயிலில் டீசல் கலந்து, வண்டியின் அடிப்பாகம் முழுக்கப் பீய்ச்சுவது நம் ஊர் வழக்கம். துரு பிடிக்காதாம், கறுப்பாக மின்னுமாம். சக்கரத்துக்குப் பின்னால் பிரேக் அட்ஜஸ்ட் செய்யும் ஓட்டைக்கு ரப்பர் மூடி இருக்கிறதா என்று பீய்ச்சுகிறவன் பார்ப்பதில்லை. மூடி இல்லையென்றால் ஆயில் நேராக, சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம்முக்குள் போகும்.

பெடலை மிதித்தால் டிரம்முக்குள் ஷூ எனும் இரண்டு வளைந்த இரும்புப் பட்டைகள் விரியும். அவற்றில் ஒட்டியிருக்கும் லைனிங், சுற்றுகிற டிரம்மை உரசும். வண்டியை நிறுத்துவது அந்த உரசல் மட்டுமே. லைனிங்கில் எண்ணெய் பட்ட சக்கரம் வழுக்கும், மறுபக்கத்துச் சக்கரம் பிடிக்கும். இடது முன் சக்கரம் வழுக்கினால் வண்டி வலது பக்கம் இழுக்கும். அதாவது, எதிரே லாரி வருகிற பக்கம்.

"சாமிகிட்ட வெச்சது சார். நாளைக்கு எடுக்கலாமே," என்றான் மெக்கானிக் சேகர்.

நானே போய் வீல் ஸ்பேனரை எடுத்தேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை. கோதண்டம்தான் சொன்னார்.

"இன்னா சார், நல்ல நாள் அதுவுமா பூஜை போட்ட வண்டிய கழட்டுறீங்க?"

இடது பக்க டிரம்மைக் கழற்றினால், லைனிங் எண்ணெயில் ஊறி வடை மாதிரி இருந்தது. மாற்றியே ஆக வேண்டும். ஸ்பேர் கடைகள் எல்லாம் அன்று மூடல்.

"பெட்ரோல் ஊத்தித் தொடச்சி, உப்புத்தாள்ல தேச்சிக் குடுங்க. எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க," என்றார் கோதண்டம்.

நான் ஓர் உரை நிகழ்த்தினேன். மேலே துடைத்தால் இங்கே பிடிக்கும், மலை இறக்கத்தில் சூடேறியதும் உள்ளே ஊறியது கசிந்து வெளியே வரும், அப்போது மிதித்துப் பயனில்லை என்றேன். பரீட்சையில்கூட நான் இவ்வளவு நன்றாக எழுதியதில்லை. வேனுக்குள் யாரோ கொட்டாவி விட்டார்கள்.

குழந்தையின் தாத்தா எட்டிப் பார்த்தார். "சாமி காரியத்துக்குக் குறுக்க நிக்காத தம்பி. டிரைவரே கம்முனு இருக்கான், உனக்கு இன்னா வந்துச்சி?"

ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் படித்த நாவல்களின் கதாநாயகர்கள் இந்த இடத்தில் நிதானமாக ஏதாவது சொல்வார்கள். நான் பிரேக் ஷூவிலிருந்த கறுப்பு எண்ணெயை விரலில் வழித்து, கோதண்டத்தின் சட்டைப் பையில் நீளமாக ஒரு கோடு இழுத்தேன்.

"யோவ், இன்னா பண்ற?"

"பெட்ரோல் தரேன், தொடைங்க. சட்டை வெள்ளையாயிட்டா வண்டிய மாட்டித் தரேன்."

சேகர் பெட்ரோல் கிண்ணத்தை நீட்டினான். கோதண்டம் ஆத்திரத்தில் தேய்த்தார். கோடு, தட்டு அளவுக்குப் பரவியது. இன்னும் தேய்த்தார். ஜன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தையின் அம்மா எழுந்தாள்.

"மாமா, எனக்கு இந்த வண்டி வேணாம். நான் புள்ளைய தூக்கினு பஸ்ல வரேன்."

அவள் இறங்கினாள். முணுமுணுத்துக்கொண்டே தாத்தாவும் இறங்கினார். பிறகு மற்றவர்களும்.

கோதண்டம் எங்கள் முதலாளியிடம் புகார் செய்தார், சட்டையைப் பற்றி. "பிரேக்க பாத்தது சரிய்யா. சட்டைய எதுக்குத் தொட்ட? போய் சாரி சொல்லிட்டு வா," என்றார் முதலாளி. கோதண்டம் வீட்டுக்குப் போனேன், சொன்னேன். அவர் பெருந்தன்மையாக டீ வாங்கிக் கொடுத்தார். லைனிங் மாற்றிய வேனை வேறு யாரோ ஒருவன் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏழுமலை எங்க?"

"அவன் உங்ககிட்ட வந்து ஓதுனதாலதான சார் இவ்ளோவும்? வாய் ஜாஸ்தி. நிறுத்திட்டேன்."

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் கோபம் ஆறவில்லை.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு எழுதுகிறேன். மலை ஏறின கியரிலேயே இறங்குங்கள், நியூட்ரலில் விடாதீர்கள். வாட்டர் வாஷ் முடிந்த வண்டியை, காலி ரோட்டில் மெதுவாக ஓட்டி, பிரேக் அடித்துப் பார்க்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அதற்கென்றே ஓர் ஆளை வைக்கச் சொல்லி முதலாளியிடம் ஒரு வாரம் சண்டை போட்டேன். அந்த வேலைக்கு ஏழுமலை வந்தான். வண்டி இழுத்தால் ஓனர் எதிரிலேயே சத்தமாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. முதல் மாதம் அவன் குரலே எழும்பவில்லை. அப்புறம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது.