மானியத்தில் போட்ட கண்மாய்க்கரைப் பாதை

அடுத்தவர் பணத்தை வாங்கி அடுத்தவர் ஊருக்குச் சைக்கிள் பாதை போட்டுக்கொடுப்பது என் தொழில். கேட்க எவ்வளவு சுகமாக இருக்கிறது பாருங்கள்! புதுக்கோட்டையில் ஒரு மாடி அறையில் இருக்கிறது எங்கள் அறக்கட்டளை. நான், கம்ப்யூட்டரைக் கவனிக்கும் ஆறுமுகம், ஆக மொத்தம் இரண்டே பேர். ஏதாவது கம்பெனிக்கு மானியம் கேட்டு விண்ணப்பம் அனுப்புவோம். அப்புறம் பதில் வந்துவிட்டதா என்று மெயிலைத் திறந்து திறந்து பார்ப்போம். பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுத்துவிட்டு நடையாய் நடந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க. நாமெல்லாம் ஒரே ஜாதகம்.

ஏழாவது கேள்வி

திருமயம் பக்கத்தில் ஓர் ஊர். பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசாங்கம் சைக்கிள் கொடுத்திருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு ஹைவேஸில்தான் போக வேண்டும். லாரியும் பஸ்ஸும் பறக்கிற அந்த ரோட்டில் பிள்ளையை அனுப்ப யாருக்கு மனசு வரும்? செல்வி என்ற பெண் தன் மகள் மதுமிதாவின் சைக்கிளை ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பூட்டியே வைத்திருந்தார். பஸ் வந்தால் பள்ளிக்கூடம், வராவிட்டால் லீவு. இந்த வருஷத்துக்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் படிப்பை நிறுத்திவிடலாம் என்று அவள் அப்பா முடிவே பண்ணிவிட்டார். கண்மாய்க்கரை மேல் பாதை போட்டால், ஹைவேஸைத் தொடாமல் பள்ளிக்கூடத்தின் பின்வாசலுக்கே போய்விடலாம். அதற்காகத்தான் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தேன்.

படிவத்தில் ஏழாவது கேள்வி, ‘பொழுதுபோக்காகச் சைக்கிள் ஓட்டுபவர்கள் எத்தனை பேர்?’ கடமை தவறாமல் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். செல்வி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னார்: “சோலி இல்லாம சைக்கிள்ல சுத்துனா, யாரைத் தேடிப் போறேன்னு ஊரே கேக்கும்க்கா. ஒருத்தருமில்லைன்னு போட்டுக்கங்க.”

கல்லுக்கால்

விண்ணப்பத்தோடு ஊர்க்காரர்களின் சம்மதக் கடிதமும் வேண்டும். கண்மாய்ப் பாசனக்காரர்களுக்குத் தலைவர் பெரியசாமி. அறுபதைத் தாண்டியவர், சந்தேகப்படுவதில் மட்டும் இன்னும் வாலிபர். “இன்னைக்குச் சைக்கிள் வரும், நாளைக்கு அதே வழியில டிப்பர் வந்து மண்ணள்ளும்” என்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. பாதையின் இரண்டு முனையிலும் கல்லுக்கால் நடுவோம், சைக்கிள் மட்டும்தான் நுழையும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

பேனாவை எடுத்தவர் மறுபடி மூடிவிட்டார். எழுந்து போய்த் தன் மொபெட்டை, இரண்டு பக்கமும் பால்கேன் தொங்கத் தள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார். “அளந்துக்கத்தா. இதுக்கும் மிதிகட்டை இருக்கு, இதுவும் சைக்கிள் சாதிதான்.”

கறுப்புப் பாதை

மானியம் வந்தது. ஆனால் பாதி தூரத்துக்குத்தான். முதல் பாதியை ஊர் தினமும் பயன்படுத்துகிறதா என்று கம்பெனி அதிகாரி நேரில் வந்து பார்த்த பிறகே மறுபாதிக்கு அனுமதி. கரைமேல் சிமெண்ட் பாதை போட்டோம். செல்வி ஜன்னலிலிருந்து சைக்கிளை விடுவித்தார். மதுமிதா பாதை முடிகிற இடம்வரை ஓட்டுவாள். அங்கிருந்து ஹைவேஸ் ஓரமாகச் செல்வி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்துபோய் விட்டுவருவார். அவ்வளவு நேரம் கழித்துப் போனால் எந்த வயலில் வேலைக்குச் சேர்த்துக்கொள்வார்கள்? ஆனாலும் மகளோடு போனார்.

வழவழவென்று தளம் கிடைத்தால் எங்கள் ஜில்லாவில் சும்மா விடுவார்களா? மறுவாரமே பாதை நெடுக உளுந்தஞ்செடியைக் காயப் போட்டுவிட்டார்கள். சைக்கிள் ஏறிப் போனால் உளுந்தை அடித்து உதிர்க்கிற வேலையும் மிச்சம். வாராவாரம் அனுப்ப வேண்டிய போட்டோவை ஆறுமுகம் கவனிக்காமல் அனுப்பிவிட்டான். சென்னையிலிருந்து உடனே மெயில்: பாதை ஏன் கறுப்பாக இருக்கிறது, ஒப்பந்தத்துக்கு மாறாகத் தார் போட்டீர்களா? நான் அந்த மெயிலைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். ஆறுமுகம் நிதானமாகக் கேட்டான்: “தார் இல்லைங்க, அது அடுத்த மாசத்துத் தோசைன்னு பதில் போட்டுரவாக்கா?”

நாலு நாள் காவல்

அதிகாரி வருகிற தேதி தெரிந்ததும் நான் செய்த காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. பெரியசாமியைப் போனில் கூப்பிட்டு, “பெரிய அதிகாரி வர்றாங்க, பாதை நல்லா இருக்கணும்” என்றேன். அதோடு நிறுத்தினேனா? “நம்ம ஊர் மானம்” என்று வேறு சொல்லிவைத்தேன்.

அன்று காலை அதிகாரி நிவேதாவோடு போய் இறங்கினால், பாதையின் வாயில் கருவேல முள் வெட்டிப்போட்டு அடைத்திருக்கிறது. பாதையைக் கழுவிவிட்டு நெடுகக் கோலம். ஊரின் சைக்கிள் எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு வரிசையாக நிற்கின்றன. பாதையில் டயர் தடம் ஒன்றுகூட இல்லை. நிவேதா கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். “இதுல யாராவது சைக்கிள் ஓட்டுறாங்களா?” என்று மெதுவாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியசாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்: “நாலு நாளா ஒரு காக்காயைக்கூட இறங்க விடலைங்க. மொதக் காலு நீங்கதான் வைக்கணும்.”

ஒன்பதரை மணிப் பரீட்சை

மறுபாதி போச்சு, மதுமிதாவின் படிப்பும் போச்சு என்றே நினைத்தேன். என்ன விளக்கம் சொன்னாலும் கதை கட்டுகிற மாதிரிதானே இருக்கும்? நிவேதா ஏதோ டைப் செய்ய ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்வி வந்தார். பின்னால் யூனிபார்மில், மாலை போட்ட சைக்கிளோடு மதுமிதா. கண் கலங்கியிருந்தது. அன்றைக்குப் பஸ் வரவில்லை. ஒன்பதரைக்குப் பரீட்சை. அதிகாரி கால் வைக்கும் முன்னால் பாதையில் இறங்கக் கூடாதென்று தடுத்து வைத்திருந்தார்கள். “மேடம், சட்டுனு ஒரு எட்டு வச்சிருங்க. எம்புள்ளை பரீட்சைக்குப் போகணும்” என்றார் செல்வி.

நிவேதா டேப்லெட்டை என் கையில் திணித்தார். குனிந்து முள்ளைத் தானே இழுத்துப் போட்டார். துப்பட்டா கிழிந்தது. அவர் கோலத்தில் கால் வைத்ததும், மதுமிதா மணியை அடித்துக்கொண்டு பாய்ந்தாள். அவள் பின்னால் மற்றப் பிள்ளைகள், வேலைக்குப் போகிற பெண்கள், கடைசியில் பால்கேன்களோடு பெரியசாமி. நாங்களும் செல்வியோடு ஓட்டமும் நடையுமாகப் போனோம். பாதை முடிகிற இடத்தில் செல்வி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு மகளோடு ஹைவேஸில் ஏறினார். நிவேதாவும் ஏறினார். ஒரு லாரி உரசுகிற மாதிரி போனது. நிவேதா பயத்தில் செல்வியின் தோளைப் பிடித்தவர், பள்ளிக்கூட வாசல்வரை விடவே இல்லை.

மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது மதுமிதா உள்ளே ஓடினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சொல்வதில் என்ன வெட்கம்? நிவேதா டேப்லெட்டை வாங்கி ஏதோ தட்டிவிட்டுச் சொன்னார்: “மீதிப் பாதையையும் போட்டுருங்க. ஆனா அடுத்த தடவை நான் வர்றதைத் தயவுசெஞ்சு ஊர்ல சொல்லிராதீங்க.”

மறுபாதியும் பள்ளிக்கூடத்துப் பின்வாசல்வரை போய்ச் சேர்ந்துவிட்டது, மதுமிதா பிளஸ் டூவுக்குப் போய்விட்டாள், செல்வி வயல் வேலைக்குத் திரும்பிவிட்டார், அப்பாடா என்று நான் சாய்ந்து உட்காரும்போதெல்லாம் அடுத்த ஊரிலிருந்து ஒரு போன் வந்துவிடுகிறது.