ஸ்கேலில் பிழை இல்லை, ரபீக் நானா

ரபீக் நானா போய்விட்டாராம்...

முதலில் நம்பவில்லை. வட்ஸ்அப்பில் வருவதில் பாதி பொய். அவர் வேலை செய்த கடைக்கே போன் எடுத்துக் கேட்டேன். உண்மைதான். நேற்று விடியக் காலை நெஞ்சுவலி, மத்தியானத் தொழுகையோடு அடக்கமும் முடிந்துவிட்டது.

எனக்கு மட்டும் ஒரு நாள் பிந்தித் தெரிகிறது. வேண்டுமென்றே சொல்லாமல் விட்டார்களோ என்றுகூட யோசித்தேன். விட்டிருந்தாலும் காரணம் இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு... இங்கே ஸ்ரௌவ்வில் ஊர்ப் பக்கம் வேட்டைச் சாமான் விற்கிற கடையில் கவுன்டரில் நின்றவர். மன்னார்க்காரர். நானும் அவரும் ஒரே கிளப்பில் கைத்துப்பாக்கி சுடுகிறவர்கள். லைசென்ஸோடுதான், கமென்டில் யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

சுட்ட தோட்டாவின் வெறும் பித்தளைக் கேஸில் திரும்பப் பவுடர் போட்டு, தோட்டாவை நாங்களே செய்துகொள்வோம். ஒவ்வொன்றிலும் பவுடர் ஒரே அளவாக இருக்கவேண்டும். குறைந்தால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும். கூடினால் துவக்கு கையிலேயே வெடிக்கும்.

முதல் நாள் கடையில் நின்று கதைத்தபோது இருவருமே அந்தப் பவுடருக்குத் தமிழில் உள்ள சொல்லை வாயில் எடுக்கவில்லை. யுத்தத்துக்குள் வெடிமருந்து என்று சத்தம் போட்டுச் சொல்லி வளர்ந்தவர்களா நாங்கள்...

நானா சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, நாங்க மா எண்டே சொல்லுவம்" என்றார். அந்தக் கடையில் வேறு ஒருவருக்கும் தமிழ் தெரியாது.

அவரிடம்தான் பவுடர் நிறுக்கிற டிஜிற்றல் ஸ்கேல் வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால், பெட்டி டேப் ஒருமுறை பிரித்துத் திரும்ப ஒட்டினமாதிரி.

நான் அஜக்ஸில் ஒரு பார்ட்ஸ் கொம்பனியில் குவாலிட்டி செக்கிங். சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளம்.

பேஸ்மென்றில் வைத்துப் பவுடரை நிறுத்தேன். அதே பவுடர், மூன்று தரம் வைத்தால் மூன்று நம்பர். உடனே போன் எடுத்தேன்.

"நானா, உது ரிட்டேர்ன் வந்த சாமானோ?"

"இல்ல தம்பி. ஒராளுக்குக் காட்டப் பிரிச்சது. புதுசுதான்."

"அப்ப ஏன் நம்பர் ஓடுது?"

"என்ன எண்டு பாப்பம்."

அந்தப் 'பாப்பம்' எனக்குப் பிடிக்கவில்லை. விற்ற ஆள் பாப்பம் என்றால் பார்க்கமாட்டார் என்றுதான் அர்த்தம். அன்றைக்கே இந்தக் குழுவில் எழுதினேன், பலருக்கு ஞாபகம் இருக்கும். எங்கட ஆள் எண்டு நம்பிப் போனால் எங்கட ஆள்தான் தலையில கட்டுவான்... கடைப் பெயரும் போட்டேன். அவர் பெயரும் போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானா வீட்டுக் கதவைத் தட்டினார். விலாசம் எப்படி என்று கேட்டேன். பில்லில் இருந்ததாம். பில்லைப் பார்த்து வீட்டுக்கு வரலாமோ என்று எனக்குள் ஒரு கேள்வி.

கீழே வந்தார். ஸ்கேலோடு வந்த சின்ன எடைக்கல்லை அதில் வைத்தார். பிறகு கதிரையில் இருந்துகொண்டார். பத்து நிமிஷம் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். இது என்ன நாடகம் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஹீற்றர் ஓடத் தொடங்கியது. ஸ்கேலில் நம்பரும் ஓடத் தொடங்கியது.

நானா அண்ணாந்து பார்த்தார். மேசைக்கு நேர்மேலே சூட்டுக் காற்று வருகிற வென்ற். சுவரில் தொங்கின பழைய கலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, டேப் போட்டு அதை மூடினார். நம்பர் அசையவேயில்லை.

"காத்துத் தம்பி" என்றார். அவ்வளவுதான்.

பிறகு பவுடர் போடுகிற மெஷினைக் காட்டச் சொன்னார். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டாவுக்கு அளவான பவுடர் விழும். நான் ஐந்தாறு தரம் இழுக்க, அவர் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்தார்.

"ஒருக்காக் கூட விழுது, ஒருக்காக் குறைய விழுது. எப்பவும் ஒரே மாதிரி இழுக்கோணும்."

"நான் சும்மாதானே இழுக்கிறன்."

"இல்ல தம்பி, கோவத்தில இழுக்கிறீங்க. இண்டைக்கு விடுங்க. மனசு சரியில்லாத நாளில இதத் தொடப்படாது."

என் கோபம் இவருக்கு எப்படித் தெரியும்? பதிவை வாசித்திருப்பாரோ? வாசித்திருந்தால் ஏன் ஒரு சொல் கேட்கவில்லை? நான் கொடுத்த பிளேன்ரீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். மனதில் வைத்திருக்கிறார், ஒரு நாளைக்குத் திருப்பித் தருவார் என்றுதான் நினைத்தேன்.

ஸ்கேல் சரி என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் பதிவை நான் எடுக்கவில்லை. எடுத்தால் பிழையை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று... வெட்கம்தான், வேறென்ன.

அதற்குப் பிறகு கடைக்குப் போனபோதெல்லாம் கவுன்டரில் ஆளைக் காணவில்லை. என்னைக் கண்டு ஒளிக்கிறார் என்று நினைத்தேன்.

இன்றைக்குப் போனில் அந்தக் கடைப் பெண் என் பெயரைக் கேட்டாள். சொன்னேன். "அந்த ஸ்கேல் ஆளா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

என் பதிவை யாரோ மொழிபெயர்த்து ஓனருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தச் சனிக்கிழமையே நானாவைக் கவுன்டரிலிருந்து எடுத்துவிட்டார்களாம். கடைசிவரைக்கும் பின்னால் நின்று பெட்டி அடுக்கினாராம்.

சனிக்கிழமை. அடுத்த நாள்தான் என் வீட்டுக்கு வந்தார்.

பழைய பதிவை அழிக்கத்தான் போனேன். அழிக்கவில்லை, கிடக்கட்டும். அதைப் போட்ட இடத்திலேயே இதையும் போடுகிறேன். ஸ்கேலில் பிழை இல்லை. நானா என்னை ஏமாற்றவில்லை.

அன்றைக்கு மொழிபெயர்த்து அனுப்பினவர் யாரோ தெரியாது. இந்தக் குழுவில்தான் இருக்கிறீர்கள். இதையும் அந்த ஓனருக்கு அனுப்பிவிடுங்கள்.

நானா... காலையிலிருந்து மேசைக்கு முன்னால்தான் இருக்கிறேன். நீங்கள் ஒட்டின கலண்டர் தாள் மேலே அப்படியே இருக்கிறது.

இன்றைக்குக் கைப்பிடியைத் தொடவில்லை. போயிட்டு வாங்கோ.