ஒரே பஸ், இரண்டு வாசல்

1996 ஜூன் 12, புதன்கிழமை. காலை நடை, அலுவலகம், மாலைக் காபி எல்லாம் நேரப்படி நடந்தன. பிறகு மனைவியும் நானும் சிவாஜிநகரில் காய்கறி வாங்கிக்கொண்டு நீலசந்திரா போகும் பஸ்ஸில் ஏறினோம். மதராஸிலிருந்து பெங்களூருக்குக் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இங்கே பெண்கள் முன்வாசலில் ஏற வேண்டும், ஆண்கள் பின்வாசலில். நெரிசலில் அவள் கண்ணுக்கே தெரியவில்லை.

எங்கள் நிறுத்தம் வந்ததும் இறங்கினேன். அவள் இறங்கவில்லை. பஸ் போய்விட்டது. கன்னடத்தில் ஒரு வார்த்தை தெரியாதவள்! பையோடு பஸ் போன திசையில் ஓடினேன்.

எதிரே ஒரு தமிழ்ப் பெண்மணியின் கையைப் பிடித்தபடி அவள் வந்தாள்.

“இவர்தாங்க!” என்று என்னைக் காட்டினாள்.

“ஏன் சார், முந்தின ஸ்டாப்லயே எறங்கிட்டீங்களா? ‘ஊருக்குப் புதுசு, தொலஞ்சுடுவாரு’ன்னு இவங்க ஒரே அழுகை. என் வீடு இன்னும் தள்ளி. விட்டுட்டுப் போக மனசு வரல” என்று அந்தப் பெண்மணி சிரித்தாள்.

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக, நம் நிறுத்தத்துக்கு என்ன அடையாளம் என்று மனைவியிடம் கேட்டேன்.